சிக்கனச் செம்மல் சூப்பர்மேன்

பணத்தைக் கொட்டிப் படம் எடுத்தவர்களுக்குப் பாராட்டு விழா எடுக்க ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கொட்டாமல் எடுத்தவர்களைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. 1987 ஜூலையில் வெளிவந்த ‘சூப்பர்மேன் 4: தி க்வெஸ்ட் ஃபார் பீஸ்’ படத்தின் பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுளிக்கிறார்கள். நன்றி கெட்ட உலகம். அந்தக் குறையை இந்தக் கட்டுரையாவது தீர்த்து வைக்கட்டும்.

1978இல் முதல் சூப்பர்மேன் படத்தை எடுத்த ரிச்சர்ட் டானருக்கு விவரம் போதாது. மனிதன் பறப்பதை நீங்கள் நம்பப்போகிறீர்கள் என்று போஸ்டரிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஏறக்குறைய ஐந்தரைக் கோடி டாலர் செலவாயிற்று. கதாநாயகனைக் கம்பியில் தொங்கவிட்டு, பறக்கும் காட்சிக்கென்றே புதிய புரொஜெக்‌ஷன் உத்திகளைக் கண்டுபிடித்து, கடைசியில் தந்திரக் காட்சிகளுக்கு ஆஸ்கர் சிறப்பு விருது வாங்கும் வரை அவர்கள் ஓயவில்லை. நான்காம் பாகத்தை எடுத்த கேனன் நிறுவனத்துக்கு இந்த வீண் சிரமமெல்லாம் இல்லை. அதன் அதிபர்கள் மெனஹெம் கோலனும் யோரம் குளோபஸும் பங்காளிகள், கணக்கு வழக்குத் தெரிந்தவர்கள். 3.6 கோடி டாலர் என்று பேச்சு அடிபட்ட பட்ஜெட்டை 1.7 கோடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அப்போது அவர்கள் கையில் ஏறக்குறைய முப்பது படங்கள் இருந்தன. முப்பது பிள்ளை பெற்றவர்கள் ஒரு பிள்ளைக்கு மட்டும் பட்டுச்சட்டை தைத்துப் போட முடியுமா?

இந்தப் பெருந்தன்மையின் உச்சத்தைப் பார்க்க நியூயார்க் போகவேண்டும். அதாவது, போகாமல் இருக்கவேண்டும். உலகத்து அணு ஆயுதங்களையெல்லாம் அழிக்கப்போவதாக அறிவிப்பதற்காக சூப்பர்மேன் ஐக்கிய நாடுகள் சபைக்கு நடந்தே போகிறார், மக்கள் பின்னாலேயே திரண்டு வருகிறார்கள். இதை மன்ஹாட்டனின் 42ஆம் தெருவில் எடுத்திருந்தால் எவ்வளவு செலவு, எவ்வளவு நெரிசல்! இயக்குநர் சிட்னி ஜே. ஃப்யூரிக்கு வாய்த்ததோ இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ். 1967இல் திட்டம் போட்டு உருவாக்கத் தொடங்கிய புதுநகரம். அந்த ஊர் ரயில் நிலையத்தின் கண்ணாடி முகப்பு ஐ.நா. சபை ஆயிற்று. நாயகன் கிறிஸ்டோபர் ரீவ், மழை, நூறு பேர் போலத் துணை நடிகர்கள், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கார்கூட இல்லை, சூழலுக்காகப் பறக்கவிட்ட ஒரு டஜன் புறா என்று அந்த நாளைத் தன் ‘ஸ்டில் மீ’ நூலில் நினைவுகூர்கிறார். குறை சொல்லும் தொனியில்தான் எழுதுகிறார். போக்குவரத்தே இல்லாத நியூயார்க்கை மனிதகுலத்துக்கு முதலில் காட்டிய பெருமை தன் படத்துக்கு உரியது என்பதை அவர் உணரவில்லை.

பறக்கும் காட்சிகளுக்கு வருவோம். சூப்பர்மேன் கையை நீட்டியபடி நேரே கேமராவை நோக்கிப் பறந்து வரும் ஷாட் ஒன்று இருக்கிறது. நல்ல ஷாட்தான். அதனால் மறுபடியும் வருகிறது. பிறகு மறுபடியும். பின்னணியில் ஒரு தடவை நகரம், ஒரு தடவை வானம், ஒரு தடவை விண்வெளி. முகத்தில் அதே தீவிரம், அங்கியில் அதே படபடப்பு, ஒரு மயிரிழைகூட மாறவில்லை. எத்தனை ஆபத்து வந்தாலும் ஒரே நிலையில் இருப்பவன்தானே மாவீரன்? இந்த நிதானத்தைப் பார்க்கையில், தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலை ஔவை வியந்து பார்த்ததுபோல நானும் வியந்து நிற்கிறேன்.

சந்திரனில் நடக்கும் சண்டையோ விஞ்ஞானத்துக்கே பாடம். விண்வெளி என்பது எல்லையில்லாத இருட்டு என்றுதான் இதுவரை நினைத்திருந்தோம். அது கருப்புத் துணி, அதில் மடிப்புகள் உண்டு என்று இந்தப் படம் நிரூபித்துவிட்டது. உற்றுப் பார்த்தால் சுருக்கமே தெரிகிறது. இந்த ஆராய்ச்சியை இன்னும் முன்னெடுத்து, வில்லன் நடிகை மாரியல் ஹெமிங்வேயைப் பூமியிலிருந்து விண்வெளிக்குத் தூக்கிக்கொண்டு போகிறான். அவர் அங்கே ஆக்ஸிஜன் குழாய், கவச உடை என்ற ஆடம்பரம் எதுவும் இல்லாமல், விருந்துக்குக் கிளம்பியவர்போல் சௌகரியமாக மூச்சு விடுகிறார். விண்வெளி உடைகளுக்காக நாசா செலவழித்த பணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த வில்லனைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பரம எதிரி லெக்ஸ் லூதர் சூப்பர்மேனின் ஒற்றை முடியைத் திருடி, அதிலிருந்து ஓர் அணு மனிதனை உருவாக்குகிறான். உடம்பு புதுமுகம் மார்க் பில்லோவுடையது. குரல் லூதராக நடித்த ஜீன் ஹேக்மனுடையது. ஏற்கெனவே சம்பளம் கொடுத்த தொண்டையை இன்னொரு முறை பயன்படுத்திக்கொண்ட இந்தச் சாமர்த்தியத்தை எந்தத் தயாரிப்பாளரும் படிக்கவேண்டும். அணு மனிதனின் முக்கியமான ஆயுதம் நகம். நீளமான வெள்ளி நகம். அதால் பிறாண்டினால் சூப்பர்மேனுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடுகிறது. அணு யுகத்தின் பேரழிவை நகம் வெட்டாத குற்றமாகச் சுருக்கிக் காட்டும் துணிச்சல் வேறு யாருக்கு வரும்? அவனுக்கு ஒரே பலவீனம், வெயில் படாவிட்டால் அசைவற்றுப் போவான். அதனால் முதலில் ஒரு லிஃப்டுக்குள் அடைக்கப்படுகிறான். அது போதாமல் போக, சூப்பர்மேன் சந்திரனையே நகர்த்திச் சூரியனை மறைக்கிறார். கடல்களில் ஏற்ற இறக்கம் என்ன ஆயிற்று என்று படத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு செட் போடவேண்டி வந்திருக்கும்.

நடுவில் அணு மனிதன் சீனப் பெருஞ்சுவரை உடைக்கிறான். சூப்பர்மேன் அதைப் பார்க்கிறார். வெறுமனே பார்க்கிறார். செங்கற்கள் தாமாகவே எழுந்து பழைய இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன. முந்தைய மூன்று படங்களிலும் இல்லாத இந்தச் சக்தி எங்கிருந்து வந்தது என்று சிலர் வம்பு பேசுவார்கள். கொத்தனார் கூலி மிச்சம் என்று பார்க்கத் தெரியாதவர்கள்.

இவ்வளவு உயர்ந்த படத்திலும் சில குறைகள் உண்டு. அதை ஒளிக்கக்கூடாது. முதல் குறை, ரீவ். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு தடுமாறும், சூப்பர்மேனின் மறுவேடமான நிருபர் கிளார்க்கும், ஜன்னல் வழியே வந்து நிற்கும் சூப்பர்மேனும் ஒரே இரவில் ஒரே வீட்டுக்கு விருந்தாளிகளாக வரவேண்டிய காட்சியில் அந்த மனிதர் தோளைக் கொஞ்சம் சரிப்பதிலும் குரலை அரை சுருதி ஏற்றுவதிலும் இரண்டு ஆட்களாகிறார். சுற்றிலும் எல்லாரும் சிக்கனம் பார்க்கும்போது இவர் மட்டும் நடிப்பைத் தாராளமாகச் செலவழிப்பது படத்தின் ஒருமைப்பாட்டைக் கெடுக்கிறது. இரண்டாவது குறை, ‘டெய்லி பிளானட்’ பத்திரிகையை ஒரு பணக்காரர் விலைக்கு வாங்கி, பரபரப்புத் தலைப்புகளால் அதை மஞ்சள் பத்திரிகை ஆக்கும் கிளைக்கதை. நாற்பது வருடம் கழித்தும் பழசாகாத விஷயம், இதை மட்டும் வளர்த்திருந்தாலே ஒரு படம் தேறியிருக்கும். நல்லவேளை, ஆசிரியர் பெர்ரி வைட் வங்கியில் கடன் வாங்கிப் பங்குகளை மீட்டுவிட்டார் என்று ஒரே வாயில் சொல்லி முடித்து நம்மைக் காப்பாற்றிவிட்டார்கள். சூப்பர்மேனுக்கே வேலை வைக்காத கடன்.

நீளத்திலும் அதே அக்கறை. முதலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்ட படத்தில் சுமார் 45 நிமிடத்தை வெட்டி எறிந்து, ஒன்றரை மணி நேரத்தில் ரசிகர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெட்டியதில் இன்னொரு அணு மனிதனும் போய்விட்டான். இரண்டு பேரின் நகங்களையும் தாங்கும் வலு நமக்கு இருந்திருக்காது. ரசிகர்களும் தங்கள் பங்குக்குச் சிக்கனம் காட்டினார்கள். அமெரிக்காவில் வசூல் ஒன்றரைக் கோடி டாலரைக் கொஞ்சம் தாண்டியதோடு நின்றுகொண்டது.

உலக அமைதிக்கு இந்தப் படம் ஆற்றிய தொண்டையும் மறக்கக்கூடாது. ஏவுகணைகளை ஒரு பெரிய வலையில் மூட்டை கட்டிச் சூரியனில் எறிகிறார் சூப்பர்மேன். வில்லனை என்ன செய்கிறார்? ஓர் அணு உலைக்குள் தள்ளி மின்சாரமாக்கிவிடுகிறார். கடைசியில், அமைதியை நான் கொண்டுவந்து கொடுக்க முடியாது, நீங்களே விரும்பினால்தான் வரும் என்று கைகழுவிவிடுகிறார். படம் வந்த அதே வருடம் டிசம்பர் 8ஆம் தேதி ரேகனும் கோர்பச்சேவும் நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன்படி 2,692 ஏவுகணைகள் அழிந்தன. அங்கியும் இல்லை, வலையும் இல்லை, சந்திரனும் இருந்த இடத்திலேயே இருந்தது. காட்சியழகு என்று பார்த்தால் அவர்கள் ரொம்பச் சுமார்.

காதலி லோயிஸுக்குத் தன் ரகசியம் தெரிந்துவிட்டால், ஒரு முத்தம் கொடுத்து அவள் நினைவை அழிக்கும் வித்தை சூப்பர்மேனுக்கு உண்டு. இந்தப் படத்திலும் அது இருக்கிறது. படத்தை வெளியிட்ட வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கும் அப்படியொரு முத்தம் கிடைத்திருக்கவேண்டும். அடுத்த சூப்பர்மேன் படம் வெளிவர 19 வருடம் ஆயிற்று, 2006இல் வந்த அந்தப் படம் இரண்டாம் பாகத்துக்குப் பிறகு எதுவுமே நடக்காததுபோல் கதையைத் தொடங்கியது.

அங்கியை மறுபடி மாட்டிக்கொள்ள ரீவ் சம்மதித்தது ஒரு பண்டமாற்றில். அவர் நடிக்க ஆசைப்பட்ட ‘ஸ்ட்ரீட் ஸ்மார்ட்’ என்ற சின்னப் படத்துக்கு கேனன் பணம் போடவேண்டும் என்பது பேச்சு, போட்டார்கள். அதுவும் 1987இல்தான் வந்தது. அதில் துணைப் பாத்திரத்தில் நடித்த ஒருவருக்கு வாழ்நாளின் முதல் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. மார்கன் ஃப்ரீமன். ‘சூப்பர்மேன் 4’ சினிமாவுக்குச் செய்த உருப்படியான உதவி என்று யாராவது கேட்டால், தயங்காமல் இதைச் சொல்லலாம்.