730 காலடிகள்

கேள்வி: கொன்றவன் யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும் ‘குற்றமும் தண்டனையும்’ எப்படித் துப்பறியும் நாவலாகும்?

பதில்: அதில் துப்புத் துலக்கப்படுவது கொலையன்று, கொன்றவனின் மனம். 1866-இல் தஸ்தயேவ்ஸ்கி எழுதி வெளியிட்ட இந்த ரஷ்ய நாவலில், பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஏழை முன்னாள் மாணவன் ரஸ்கோல்நிகவ், அடகுக்காரக் கிழவியின் வீடு தன் வீட்டு வாயிலிலிருந்து 730 காலடி என்று முன்கூட்டியே எண்ணி வைத்திருக்கிறான். கோடரியைத் தொங்கவிட மேலங்கியின் உட்புறம் துணி வளையம் தைக்கிறான். ஆயினும் அவன் கணக்கில் வராத கிழவியின் தங்கை லிஸவேத்தா திடீரென வந்து நிற்க, அவளையும் வெட்டிவிடுகிறான். ஆறு பாகங்களில் முதலாவதன் முடிவிலேயே கொலை நடந்தேறிவிட, எஞ்சியவை ஜன்னியையும், அதாவது காய்ச்சலில் நினைவு தடுமாறிப் பிதற்றும் நிலையையும், அதனுள் புழுங்கும் தனிமையையும் பேசுகின்றன. மறுநாள் கடன் பாக்கிக்காகக் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டவன், அங்கே கொலைப் பேச்சு காதில் விழுந்ததும் மயங்கிச் சரிகிறான். அதைவிட நுட்பமான இடம் வேறு: திருடிய பணப்பையில் எவ்வளவு இருக்கிறது என்று திறந்துகூடப் பார்க்காமல் ஒரு முற்றத்துக் கல்லின் அடியில் புதைத்துவிடுகிறான். பணத்துக்காகக் கொன்றவன் பணத்தை எண்ணவில்லை. காலடிகளை மட்டுமே எண்ணினான். விசாரணை அதிகாரி போர்ஃபீரி அவனைக் கைதுசெய்ய அவசரப்படாததும் இதனால்தான்: அந்த மனம் தானாகவே வந்து சரணடையும் என்பதை அவர் அறிந்திருக்கிறார்.