மாடி வீட்டுக்காரர் எங்கே?

கே: மாடியில் விண்டோஸ் கம்ப்யூட்டர், ஹாலில் லேப்டாப். ஒரே வீடு, ஒரே வை-ஃபை. ரிமோட் டெஸ்க்டாப்பில் தேடினால் 'காணோம்' என்கிறதே?

ப: ஒரே வீட்டில் இருந்தும் பேசிக்கொள்ளாதவர்களை நீங்கள் பார்த்ததே இல்லையா? முதலில், மாடிக்காரர் 'ஸ்லீப்'பில் தூங்குகிறாரா என்று போய்ப் பாருங்கள். விழித்திருந்தால், செட்டிங்ஸில் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் வீட்டை விண்டோஸ் பஸ் ஸ்டாண்டாக நினைத்து ஒளிந்துகொள்கிறது, 'பிரைவேட்' ஆக்குங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் வரவில்லையா? விலாசத்துக்கே போய்விடுங்கள்: பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் அந்த ஐபி எண்ணை நேராக அடியுங்கள்.

கே: எல்லாம் செய்தாயிற்று. மாடியில் இருப்பது விண்டோஸ் 'ஹோம்'. இன்னும் கதவு திறக்கவில்லை!

ப: திறக்காது. பெயர்தான் 'ஹோம்', விருந்தாளிக்கு அனுமதி இல்லை! அதிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போகலாம். ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் வர, அது குறைந்தது 'ப்ரோ'வாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வெளியூரிலிருந்தும் நுழையலாமே என்று ரவுட்டரில் 3389-ஆம் போர்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். அந்தக் கதவைத் தட்டிப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் திருடர்கள் இரவு பகலாக அலைகிறார்கள்.