போகாத மலைக்கு வழி: சேலத்து நண்பர் குழுவின் கோடை வாரஇறுதி பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் கலைச்சொற்களும்

சித்திரை பிறந்தது முதல் பள்ளிக்கூடங்கள் திறக்கும் வரையுள்ள சனி, ஞாயிற்றுக்கிழமைகளில், சேலம் மாநகரின் டீக்கடை வாசல்களிலும் பேக்கரிப் படிகளிலும் நண்பர்கள் நால்வர் கூடிய மாத்திரத்தில் எழுகின்ற "ஏற்காடு போலாமாடா?" என்னும் கேள்வி, விடை வேண்டிக் கேட்கப்படுவதில்லை என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும். அக்கேள்விக்குக் குழுவில் ஒருவரும் மறுப்புச் சொல்வதில்லை. ஆயினும் அன்று மாலை அக்குழு இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏரிக்கரையில் நிற்பதும் இல்லை. பெரும்பாலும் அது செவ்வாய்ப்பேட்டையிலோ அம்மாபேட்டையிலோ ஒரு தள்ளுவண்டியைச் சூழ்ந்து நின்று தட்டுவடை செட் தின்றுகொண்டிருக்கும். ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் எதிர்ப்பே இல்லாமல் வாரந்தோறும் மாண்டுபோவது எங்ஙனம் என்பதை அரசியல் நூலார் கவனியாது விட்டமையால், அக்குறையை நீக்கும் பொறுப்பு இவ்வாய்வின்மேல் விழுந்தது.

'குழு' என இங்கே குறிக்கப்படுவது, ஒரே வகுப்பில் கடைசி பெஞ்சில் அமர்ந்ததன் பயனாக ஒருவரையொருவர் ஆயுள் முழுவதும் 'மாப்ள' என்று அழைக்கும் உரிமை பெற்றோர், நால்வருக்குக் குறையாமலும் எழுவருக்கு மிகாமலும் கூடிய கூட்டமாகும். 'வாரஇறுதி' என்பது கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவன் சனிக்கிழமை மாலை கையைக் கழுவிக்கொண்டு வெளியே வரும் நேரத்தில் தொடங்கி, பெங்களூருவில் வேலை பார்ப்பவன் ஞாயிறு இரவு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் நேரத்தில் முடிகிறது. 'திட்டம்', அதாவது வழக்கில் 'பிளான்', என்பது ஒரு செயலுக்குப் பதிலாக நிகழும் பேச்சு எனக் கொள்ளப்படும்.

2. நிலமும் பொழுதும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்த தொல்காப்பியரின் நெறியைப் பின்பற்றினால், முதலில் நிலத்தைக் காண வேண்டும். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என நாற்புறமும் குன்றுகள் சூழ, நடுவே கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் சேலம் கிடக்கிறது. எந்தத் தெருமுனையில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை கண்ணில் படும் என்பதும், பட்ட மலையில் ஒன்றிலிருந்தும் மே மாதத்தில் குளிர்ந்த காற்று இறங்கி வராது என்பதும் இந்நிலத்தின் இரண்டு சிறப்பியல்புகள். குறிஞ்சியும் முல்லையும் வெயிலால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறுவதை மாணவர்க்கு விளக்க விரும்பும் ஆசிரியர், கத்திரி வெயிலில் பிற்பகல் 2 மணிக்கு ஐந்து ரோட்டுப் பக்கம் நிறுத்தி வைத்த பைக்கின் இருக்கையில் அவர்களை ஒருமுறை உட்காரச் சொன்னால் போதுமானது.

இந்நகரத்துக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், சேர்வராயன் மலைமேல், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்திருக்கிறது. உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடும்போதும் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது வானிலையியலாரின் கணக்கு; அதன்படி அடிவாரத்தைவிட மலைமேல் எட்டு டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820களில் அம்மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுபோய் நட்டு, வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் பின்தொடர வழி செய்தார். அவருக்கு வாட்ஸ்அப் குழு இல்லாதது அம்முயற்சிக்குப் பெருந்துணையாக இருந்திருக்கும். ஆக, எட்டு டிகிரிக் குளிர்ச்சியும் முப்பது கிலோமீட்டர்ச் சாலையும் ஆண்டு முழுவதும் ஆயத்தமாக இருக்க, மே மாதக் கோடை விழாவில் அண்ணா பூங்காவின் மலர்க்கண்காட்சியும் வெளியூர்க் கூட்டத்தை இழுத்துக்கொண்டிருக்க, உள்ளூர்க் குழு மட்டும் ஏன் தள்ளுவண்டி அருகிலேயே தங்கிவிடுகிறது என்பதே கேள்வி.

3. தூரக் கோட்பாடு

மலையின் உயரமோ குளிர்ச்சியோ திட்டத்தின் பிறப்பைத் தீர்மானிப்பதில்லை, தூரமே தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் நடுநாயகமான கோட்பாடாகும். இதனை விளங்கிக்கொள்ள இவ்வட்டாரத்தின் மூன்று குன்றுகளை ஒப்பு நோக்கலாம்.

முதலாவது நாமக்கல் மலைக்கோட்டை. ஒரே பாறையாக ஊரின் நடுவே எழுந்து நிற்கும் அம்மலை, பேருந்திலிருந்து இறங்கியவன் டீ குடித்துவிட்டு ஏறி இறங்கிவிடக்கூடிய அருகாமையில் இருப்பதால், அதற்கென ஒருவரும் திட்டம் தீட்டுவதில்லை; மாலையில் கமலாலயக் குளத்துப் பக்கம் காற்று வாங்க வந்தவர்கள் பேச்சுவாக்கில் ஏறிவிடுகிறார்கள். இரண்டாவது கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளும், அவற்றைக் கடந்த பின் ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளும், இறங்கிய அத்தனை படிகளையும் திரும்ப ஏற வேண்டும் என்னும் மறுக்கவியலாத உண்மையும் சேர்ந்து, அதனை விளையாட்டாக முன்மொழிய முடியாத பொருளாக்கிவிடுகின்றன. கொல்லிமலை என்று ஒருவன் வாயெடுத்தால் வீட்டில் சொல்ல வேண்டும், மாற்றுத்துணி வேண்டும், விடியற்காலை எழ வேண்டும். மூன்றாவதான ஏற்காடு இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மாலை நான்கு மணிக்குக்கூட "இப்பக் கெளம்புனா இருட்டறதுக்குள்ள போயிரலாம்" என்று சொல்லக்கூடிய அருகாமையும், நாலரைக்கே "இனிமே போயி என்னடா பண்றது" என்று கைவிடக்கூடிய தொலைவும் ஒருங்கே வாய்த்த மலை அது ஒன்றுதான்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகள் இ-பாஸ் பெற வேண்டும் என்னும் முறை, சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அம்முறையின் நோக்கம் நெரிசலைக் கட்டுப்படுத்துவது என்றாலும், அதன் பக்கவிளைவாக அவ்விரு மலைகளும் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே போய்விட்டன. பெயரும் வண்டி எண்ணும் தேதியும் பதிவு செய்தவன் போயே தீர வேண்டியவனாகிறான். இதற்கு எதிர்முனையில், சென்னைக்காரர்க்கு மெரினா டவுன் பஸ் தூரத்தில் இருப்பதால் அவர்கள் சட்டென்று போய்விடுகிறார்கள். திட்டம் முளைக்க அங்கே இடமே இல்லை.

4. குழுவின் உறுப்பினர்

குழுவில் நான்கு வகையினர் இன்றியமையாதவர். முதல்வர் 'முன்மொழிவோர்', இவர் பெங்களூருவில் வேலை பார்த்து வெள்ளிக்கிழமை இரவு வந்து சேர்பவராதலால், ஊரின் மலைகளிடத்து ஊரில் இருப்போர்க்கு இல்லாத பாசம் உடையவர். இரண்டாமவர் 'வழிமொழிவோர்', அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் இவர் எதற்கும் சம்மதிப்பார், எதற்கும் பணம் எடுக்கமாட்டார். மூன்றாமவர் 'வண்டி உடையோர்'. அப்பாவின் லாரி புக்கிங் ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் இவரிடம் கார் இருப்பதால் திட்டத்தின் உயிர் இவர் கையில் இருக்கிறது, இவருடைய ஞாயிற்றுக்கிழமையோ இவர் வீட்டார் கையில் இருக்கிறது. நான்காமவர் 'ஐயுறுவோர்', போன தடவை அடிவாரத்தில் வண்டிகள் வரிசை கட்டி நின்றதையும், வளைவில் ஒருவன் வாந்தி எடுத்ததையும் உரிய நேரத்தில் எடுத்துரைப்பது இவர் தொழில். இந்நால்வரில் எவரும் திட்டத்துக்குப் பகைவர் அல்லர் என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

5. ஒரு மாலைக்குள் ஐந்திணை

சங்கப் புலவர்கள் ஐந்து நிலங்களுக்கும் பகிர்ந்தளித்த உரிப்பொருள்கள், அதாவது அந்நிலத்துக்குரிய ஒழுக்கங்கள், சேலத்தில் ஒரே மாலையில், இரண்டு கிலோமீட்டர்ச் சுற்றளவுக்குள் நிகழ்ந்து முடிகின்றன. கூடலுக்குரிய குறிஞ்சி, திட்டம் தீட்டும் கட்டம். மலையைப் பற்றியே பேச்சு நடப்பதால் பெயர் பொருத்தமும் உண்டு. காத்திருத்தலுக்குரிய முல்லை, "இந்தா வந்துட்டேன் மாப்ள, நாலு ரோடு தாண்டிட்டேன்" என்று போனில் சொல்பவன் உண்மையில் வீட்டில் துண்டோடு நிற்கும் கட்டம். இரங்கலுக்குரிய நெய்தல், காருக்குச் சொந்தக்காரன் மாமியார் வீட்டு விசேஷத்துக்குக் கார் போய்விட்டதாகத் தெரிவிக்கும் கட்டம். இக்கட்டத்திலேதான் மேட்டூர் போய்ப் பூங்கா வாசலில் மீன் வறுவல் சாப்பிடலாம், பூலாம்பட்டியில் காவிரிப் படகேறி நெரிஞ்சிப்பேட்டைக்குப் போய்வரலாம் என்னும் திருத்தத் தீர்மானங்கள் கொண்டுவரப்பட்டு, ஏற்காட்டை அவமதிப்பனவாகக் கருதப்பட்டு, தள்ளுபடி ஆகின்றன. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் கோடையில் தண்ணீர் இறங்கிக் கிடக்கும் என்பது ஐயுறுவோர் எடுத்து வைக்கும் வாதம்.

ஊடலுக்குரிய மருதம், தின்ற பிறகு யார் காசு கொடுப்பது என்னும் கட்டம். முன்மொழிந்தவன் ஜிபே பண்ண, மற்றவர்கள் "அப்பறம் போட்டு உட்டர்றன்டா" என்று சொல்வதுடன் அது அடங்குகிறது; இவ்வாறு சொல்லப்பட்ட கடன் தீர்க்கப்பட்டால் அடுத்த வாரம் கூடுவதற்கு உரிய காரணங்களுள் ஒன்று குறைந்துவிடும் என்பதால், தீர்க்கப்படாமல் பாதுகாக்கப்படுகிறது. பிரிதலுக்குரிய பாலை, பஸ் ஸ்டாண்டில் நிகழ்வது.

அரிதாகச் சில வாரங்களில் குழு இரண்டு பைக்குகளில் ஏற்காட்டுச் சாலையில் புறப்பட்டும் விடுகிறது. அப்போதும் அதன் பயணம் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவோடு நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கி, நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்த அந்த ஸ்டூடியோவில் இன்று எஞ்சியிருப்பது முகப்பு வளைவு மட்டுமே. பாக்தாத் நகரத்துக் கதையான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை 1956இல் வண்ணத்தில் எடுத்து, தமிழ்நாட்டையே அரபு நாட்டில் இருப்பதாக நம்பவைத்த நிறுவனத்தின் வாசலில் நின்று செல்ஃபி எடுத்து, 'மலை ஏறுகிறோம்' என்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுத் திரும்பும் குழு, ஊரின் கலை மரபை வழுவாது காப்பதாகவே கொள்ள வேண்டும்.

6. தட்டுவடை செட்டின் உடற்கூறு

பிற மாவட்டத்தார் தட்டை என்று வழங்கும் அரிசிமாவுப் பலகாரம் சேலத்தில் தட்டுவடை ஆகும். ஒரு வாய் அளவில் சிறிதாகச் சுட்ட இரண்டு தட்டுவடைகளுக்கு இடையே சட்னியும் காய்த்துருவலும் வைத்து மூடியது ஒரு செட். வண்டிக்காரர் தட்டில் தட்டுவடைகளை வரிசையாகப் பரப்பி, கரண்டியின் முதுகால் சிவப்புச் சட்னியைத் தடவி, அதன்மேல் பச்சைச் சட்னியை ஒரு சொட்டு இழுத்து, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் நறுக்கிய வெங்காயமும் ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று விரலால் கிள்ளி வைத்து, மேல்தட்டுவடையை மூடி, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துகிறார்; அழுத்தம் கூடினால் உடையும், குறைந்தால் வாய்க்குப் போகும் வழியில் பீட்ரூட் சட்டையில் விழும். உடைத்துச் சட்னியில் பிசறினால் அதுவே நொறுக்கல். தட்டுவடைக்கு நடுவே அவித்த முட்டைத் துண்டு வைத்தால் முட்டை செட், இவ்வகையில் கோழிப்பண்ணைகளின் நாமக்கல்லும் தன் பங்கைச் செலுத்திவிடுகிறது. கோடையில் மாங்காய்த் துருவல் சேர்ந்துகொள்ளும்.

வெந்து தணியாத மாலையில் "அண்ணா, காரம் தூக்கலா ஒரு செட்டு" என்று கேட்பது முரண் எனத் தோன்றலாம். மிளகாயின் காரப்பொருளான காப்சைசின், சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் அதே நரம்பு உணரியைத்தான் தூண்டுகிறது என்பதை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தனர். அவ்வழி ஆய்வுகளுக்காக 2021இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. சூடு பட்டதாகவே மூளை நம்பி வேர்வையைச் சுரக்க, வேர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. ஆகவே மலைமேல் கிடைக்கும் எட்டு டிகிரியில் ஒரு பகுதியேனும் தள்ளுவண்டியில் கிடைத்துவிடுகிறது எனலாம்.

செட்டுக்கு மற்றொரு பயனும் உண்டு. அதை இரண்டாகக் கடிக்க இயலாது. முழுதாக வாயில் போட்டவன் பேசவும் இயலாது. சட்னியின் ஈரத்தில் ஊறி மொறுமொறுப்பு போவதற்குள் தட்டைக் காலி செய்ய வேண்டியிருப்பதால், திட்டம் ஏன் நிறைவேறவில்லை, யாரால் நிறைவேறவில்லை என்னும் விசாரணை தொடங்க வேண்டிய அதே வேளையில் குழு முழுவதும் வாயடைத்து நிற்கிறது. வாய் ஓயும்போது கோபமும் ஓய்ந்துவிடுகிறது.

7. மறுப்பும் முடிவும்

திட்டம் நிறைவேறாததால் வாரஇறுதி வீணாயிற்று என வாதிடுவோர் உண்டு. ஏற்காட்டுக்கு உண்மையில் போன குழு, வண்டி நிறுத்த இடம் தேடுவதிலும், படகுத்துறையில் வரிசையில் நிற்பதிலும், இருட்டுமுன் இறங்க வேண்டும் என்னும் பரபரப்பிலும் பொழுதைச் செலவிடுகிறது. போகாத குழுவோ நான்கு மணி முதல் ஒன்பது மணி வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறது. பெங்களூருவிலிருந்து 200 கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவன் அம்முகங்களுக்காகவே வந்தான். அதை வெளிப்படையாகச் சொல்லும் வழக்கம் இவ்வட்டாரத்து ஆண்களிடையே இல்லாமையால், அவன் ஏற்காடு என்கிறான். கூடுவதற்கு ஒரு சாக்குத் தேவைப்படுகிறது. அது பெரிதாகவும், கண்ணில் படுவதாகவும், எந்நேரமும் ரத்து செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இம்மூன்று தகுதியும் சேர்வராயன் மலைக்கு உண்டு.

மெய்யாகவே மலைக்குப் போக விரும்புவோர்க்கு இவ்வாய்வு தரும் பரிந்துரை எளியது: ஒருவரிடமும் சொல்லாமல், வாரநாள் ஒன்றின் விடியற்காலையில், தனியாக பஸ் ஏற வேண்டும். அவ்வாறு செய்பவர் ஏற்காட்டை ஐயமின்றி அடைவார், வெள்ளிக்கிழமை இரவு அவர் ஊர் திரும்பியிருப்பதை அறிந்து "என்னடா, ஏற்காடு போலாமா?" என்று கேட்க எவரும் இல்லாத நிலையையும் காலப்போக்கில் அடைவார்.