தங்காக் வினாநிரல்: ஒரு முறையியல் ஆய்வு

தங்காக் வினாநிரல் என்பது ஜொகூரின் வடமேற்கில், குனோங் லேடாங் மலையடிவாரத்தில் உள்ள தங்காக் பட்டணத்தின் பெரியம்மாக்கள், கண்ணில் படும் புதுமுகம் எவரிடமும் வாய்மொழியாகவே நடத்தி முடிக்கும் சமூகக் கள ஆய்வைக் குறிக்கும். தாள், பேனா, பல்கலைக்கழக அனுமதி எதுவும் வேண்டியதில்லை. கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் இது நடப்பதுண்டு. ஆனாலும் தங்காக் துணிக்கடைகளுக்குப் பேர்போன ஊர் என்பதால், தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அந்தக் கடைகளே முதன்மைக் களம்.

ஆய்வாளரின் வலக்கை முந்தானைச் சரிகையைத் தடவிக்கொண்டிருக்கும். பார்வை பக்கத்தில் நிற்கும் இளைஞனின் மோதிர விரலில் இருக்கும். “சாப்பிட்டாச்சா தம்பி?” என்பது தொடக்க வினா. பதிலளிப்பவரின் கூச்சத்தைப் போக்க எளிய கேள்வியில் தொடங்க வேண்டும் என்று பாடநூல்கள் சொல்வதற்கு இது பொருந்துகிறது. ஆனால் இதற்கு வரும் “ஆச்சுங்க” என்ற பதிலை எந்த ஆய்வாளரும் பதிவு செய்வதில்லை. அப்படிச் சொன்னவர் சற்று நேரத்தில் பக்கத்துக் கடையில் மூன்று தோசை சாப்பிடுவதைப் பார்க்கலாம். சொல்லுக்கும் செயலுக்குமான இந்த இடைவெளியை அமெரிக்கச் சமூகவியலாளர் லாபியர் 1934இல் எழுதினார். ஒரு சீனத் தம்பதியோடு அவர் 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார். ஒரே ஓர் இடத்தில்தான் மறுத்தார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பியபோது, பதில் எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் சீனரை ஏற்க மாட்டோம் என்றார்கள்.

அடுத்த வினா, “எந்த எஸ்டேட்டு?” தாமானில் பிறந்து, பால்மரத்தைப் பள்ளிப் புத்தகத்தில் மட்டும் பார்த்த பிள்ளையும் இதற்குத் தாத்தாவின் தோட்டத்தைச் சொல்லியாக வேண்டும். வினா பழசுதான், ஆனால் அரசாங்கப் பாரத்தில் உள்ள ‘மாவட்டம்’ என்ற கட்டத்தைவிட இது உறுதியானது. தங்காக் முன்பு மூவார் மாவட்டத்தில் இருந்தது. 2008இல் லேடாங் என்று தனி மாவட்டமானது. பிறகு அந்த மாவட்டத்தின் பெயரே தங்காக் ஆயிற்று. வீடு மாறாமலே ஒருவர் மூன்று பாரங்களில் மூன்று மாவட்டங்களை எழுதியிருக்க முடியும். தோட்டம் செம்பனையாகலாம், வீடமைப்புத் திட்டமாகலாம். பெரியம்மாவின் ஏட்டில் அதன் பெயர் மாறாது.

வயதையும் சம்பளத்தையும் நேராகக் கேட்கக் கூடாது என்பது முறையியலின் பாலபாடம். தங்காக்கில் இதை யாரும் கற்பித்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் பெரியம்மாக்கள் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். “எந்த வருஷம் எஸ்.பி.எம். எடுத்தீங்க?” என்று கேட்டு, அந்த ஆண்டிலிருந்து பதினேழைக் கழித்தால் பிறந்த ஆண்டு கிடைக்கும். “மைவி உங்களுதா? மாசம் எவ்வளவு கட்டுறீங்க?” என்பது வருமான வினா. புள்ளிவிவரத் துறை வீடு வீடாக வரவு செலவைக் கேட்டுத்தான் பி40, எம்40, டி20 என்று பிரிக்கிறது. பெரியம்மா காரின் மாதத் தவணையை வைத்தே பிரித்துவிடுகிறார்.

மனப்பான்மையை அளக்க லைகர்ட் 1932இல் முன்வைத்த ஐந்து படி அளவுகோல் இங்கே எடுபடுவதில்லை. மருமகளைப் பற்றிக் கேட்டாலும் மூட்டுவலியைப் பற்றிக் கேட்டாலும் வரும் பதில் “பரவால்ல” ஒன்றுதான். அதை எவ்வளவு இழுத்துச் சொன்னார் என்பதைக் கொண்டு படியைக் கணிக்க நீண்ட களப்பயிற்சி தேவை.

இம்முறையின் பெருங்குறை மாதிரித் தேர்வில் இருக்கிறது. 1936இல் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற அமெரிக்க வார இதழ் சுமார் ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேலான பதில்கள் வந்தன. அதிபர் தேர்தலில் லாண்டன் என்ற வேட்பாளர் வெல்வார் என்று அது அறிவித்தது. ஆனால் அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார்ப் பதிவேட்டிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பொருளாதார மந்தத்தில் அவை இரண்டும் இல்லாதவர்கள் ஏராளம். துணிக்கடைக் கணக்கும் இதே வகைதான். போனஸ் வந்தவர் கடைக்கு வருகிறார், வராதவர் வீட்டில் இருக்கிறார். ஆகவே ஒவ்வொரு தீபாவளிக்கும் “நம்ம ஜனங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க” என்ற முடிவே கிடைக்கிறது. வயதையும் சம்பளத்தையும் தவறாமல் கணிக்கும் ஒரு கருவி இப்படி ஒரு முடிவுக்கு வருவது கவலைக்குரியது.

அறநெறி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மலேசியாவின் 1965ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டம் பதிலளித்தவரின் விவரங்களை இரகசியமாகக் காக்கச் சொல்கிறது. பெரியம்மா அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவரல்லர். பதில் சொன்னவர் மூவார் போய்ச் சேர்வதற்குள் அவருடைய விவரம் அங்கே போய்விடும். அதே சமயம், அஞ்சலிலும் இணையத்திலும் கேள்வித்தாள் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் ஆய்வாளர்கள் பொறாமைப்பட வேண்டிய ஒன்று இதில் உண்டு. பெரியம்மா கேட்டு, பதில் சொல்லாமல் எவரும் நகர்ந்ததில்லை.

தங்காக்குக்குக் கள ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் கேள்வித்தாளை நீட்டுவதற்கு முன், எஸ்.பி.எம். எடுத்த ஆண்டு, காரின் மாதத் தவணை, இன்னும் கல்யாணம் ஆகாததற்கான காரணம் ஆகிய மூன்றுக்கும் விடை தயார் செய்துகொண்டு போகவும்.