தரிசனம் உண்டு, கானம் இல்லை

கேள்வி: பீட்டில்ஸ் குழுவின் பரம ரசிகர்கள் அவர்களை நேரில் கண்டபோது பாட்டைக் கேட்டார்களா?

பதில்: கண்டார்கள்; ஆனால் கேட்டார்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. 1965 ஆகஸ்டு 15-ஆம் தேதி நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் கூடிய சுமார் 55,000 பேர், இசைத்தட்டு தேயுமட்டும் கேட்டு மனனம் செய்திருந்த கீதங்களைப் பிரத்தியட்சமாகச் செவிமடுக்கும் பாக்கியத்துக்காகவே வந்தமர்ந்தும், நால்வரும் மேடையேறிய கணமே பரவசத்தில் அலறத் தொடங்கி, அரைமணிக் கச்சேரி முடியும்வரை ஓயாதிருந்தமையால், மைதானத்து ஒலிபெருக்கிகள் தோற்றுப்போயின. வாசித்தவர்களுக்கே தம் வாத்தியம் கேட்கவில்லை. டிரம்ஸ் வாசித்த ரிங்கோ, பாவம், சகாக்களின் அசைவைப் பார்த்தே தாளம் போட்டார்! மறு ஆண்டு ஆகஸ்டில், சான்பிரான்சிஸ்கோ கச்சேரியோடு சுற்றுப்பயணத்துக்கே முழுக்குப் போட்டுவிட்டார்கள். ஆகையால், அன்பரே, தங்கள் அபிமானக் குழு ஊருக்கு வருமாயின் தயைகூர்ந்து வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.