பர்கர் கடையில் இறங்கிய நிலா

செவ்வாய்க் கிரகத்தில் வாய்க்கால் வெட்டிய பெருமை பெர்சிவல் லோவெல் என்பவரைச் சேரும். மண்வெட்டியோடு போனவர் இல்லை. பாஸ்டன் நகரத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை. 1894-ல் அரிசோனா மாநிலத்து ஃபிளாக்ஸ்டாஃப் ஊரில் சொந்தக் காசில் ஒரு வானாய்வகம் கட்டி, தொலைநோக்கியில் கண்ணை வைத்து, தெரிந்ததையும் தெரியாததையும் கோடு கோடாக வரைந்து தள்ளினார். செவ்வாயில் தண்ணீர்ப் பஞ்சம், ஆகவே அங்கத்திய புத்திசாலிகள் துருவத்தில் உருகும் பனியை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவருகிறார்கள் என்று புத்தகமும் போட்டார். சொந்தக் காசு என்பதால் தணிக்கை அதிகாரி யாரும் வந்து ரசீது கேட்கவில்லை. அந்த வாய்க்காலைத் தூர்க்க எழுபது வருஷம் ஆயிற்று. கூடவே அமெரிக்க மக்களின் வரிப்பணம் சுமார் 8 கோடி டாலரும் ஆயிற்று.

தூர்த்தது மரினர் 4 என்ற விண்கலம். அதற்கு மரினர் 3 என்று ஓர் அண்ணன் இருந்தது. 1964 நவம்பர் 5-ம் தேதி கிளம்பிய அண்ணன், மேலே மூடியிருந்த கவசம் கழலாமல், உலகத்தைப் பார்க்காமலே காலமாகிவிட்டது. அரக்கப் பரக்க வேறு கவசம் செய்து, நவம்பர் 28-ல் தம்பியை அனுப்பினார்கள். தம்பி 1965 ஜூலை 14 அன்று, கலிபோர்னியாக் கணக்குப்படி மாலையில், செவ்வாய்க்கு 9,800 கிலோமீட்டர் தள்ளி வளைந்து போனபடியே படம் பிடித்தது. மொத்தம் இருபத்தொரு படம். இருபத்திரண்டாவதில் ஒரு துண்டு. எல்லாம் டேப்பில் பதிவாகி, அப்புறம் பூமிக்கு வரவேண்டும்.

வந்த வேகம்தான் வேடிக்கை. வினாடிக்கு எட்டேகால் பிட்டுக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு படத்தில் 200-க்கு 200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 63 வரை ஓர் எண், அந்த இடம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்று. ஒரே ஒரு படம் வந்துசேர எட்டு மணி நேரம். இன்று வாட்ஸப்பில் ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூ சுற்றிக்கொண்டே இருந்தால் நமக்கு ரத்தக் கொதிப்பு வருகிறது.

பாசடீனா நகரத்து ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் இந்த டேப் ரெக்கார்டருக்குப் பொறுப்பானவர் ரிச்சர்ட் கிரம். அவருக்கு ஒரு சந்தேகம்: கருவி சரியாகப் பதிவு செய்ததா, இல்லை வெற்று டேப்பைச் சுழற்றிவிட்டு நம்மை ஏமாற்றுகிறதா? கணிப்பொறி முறையாகப் படத்தைத் தயாரித்துக் கொடுக்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. மூன்றங்குல அகலக் காகிதச் சுருளில் எண்களாக அச்சாகி வந்ததை வெட்டி, பலகைத் தடுப்பில் பக்கம் பக்கமாக ஸ்டேப்ளர் அடித்து ஒட்டினார். இன்ன எண்ணுக்கு இன்ன நிறம் என்று தீட்டிவிட்டால் படம் தெரிந்துவிடும். சாம்பல் நிறத்தில் பல சாயல் வேண்டும். ஓவியச் சாமான் கடைக்குப் போய்ச் சாக்பீஸ் கேட்டார்.

கடைக்காரருக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. சாக்பீஸெல்லாம் பெட்டிக்கடைச் சரக்கு, நாங்கள் ஓவியர்களுக்கு விற்கிறவர்கள், வேண்டுமானால் கலர் பேஸ்டல் இருக்கிறது என்று பதில். இருபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு விண்கலம் எண்ணெண்ணாக முனகிக்கொண்டிருக்கும்போது கடைக்காரரோடு தர்க்கம் செய்ய நேரமேது? கிரம் பேஸ்டலை வாங்கிக்கொண்டு வந்து, பழுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று தீட்ட ஆரம்பித்தார். ஆக, மனித குலம் பக்கத்தில் போய் எடுத்த முதல் செவ்வாய்ப் படத்துக்கு நிறம் கொடுத்ததில் பாதிப் பங்கு, கடையில் என்ன சரக்கு இருந்தது என்பதற்குத்தான்.

இப்போது ஆய்வகத்தின் மக்கள் தொடர்பு ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கியது. இவ்வளவு கோடி செலவழித்து முதலில் வெளியே போவது பள்ளிக்கூடப் பையன் தீட்டினதுபோல ஒரு படமா? அதிகாரப்பூர்வமான படம் வரட்டும் என்று தடுத்துப் பார்த்தார்கள். டி.வி.க்காரர்கள் மோப்பம் பிடிக்காமல் இருப்பார்களா? சுவரில் தீட்டியதையே படம் பிடித்து ஊருக்குக் காட்டிவிட்டார்கள். அதிகாரப்பூர்வமான படம் பிறகு வந்தது. மங்கலான சாம்பல் படம். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பேஸ்டல் படம்தான் ஒசத்தி. ஆய்வக நிர்வாகத்துக்கும் உள்ளூர அப்படித்தான் தோன்றியிருக்கவேண்டும். தடுப்புப் பலகையிலிருந்து அதை அப்படியே அறுத்து எடுத்து, சட்டம் போட்டு, இயக்குநர் வில்லியம் பிக்கரிங்குக்குப் பரிசாகக் கொடுத்தார்கள்.

மற்றப் படங்களில் பள்ளம், பள்ளம், மேலும் பள்ளம். வாய்க்கால் இல்லை, வயல் இல்லை, வரப்பில் நின்று கையசைக்கும் செவ்வாய்வாசியும் இல்லை. லோவெல் 1916-லேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவர் கருத்தைக் கேட்க முடியவில்லை.

(இப்போது மட்டும் என்ன? 2022 முதல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அனுப்பும் படங்களை வால்பேப்பராக வைத்துக்கொள்கிறோமே, அந்தத் தொலைநோக்கி பார்ப்பது பெரும்பாலும் நம் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு ஒளி. வருவது எண்கள். நிறம் கொடுப்பது கீழே உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். கிரம் செய்த வேலைதான், கையில் மாவு ஒட்டாது.)

அடுத்த வருஷம், 1966-ல், நிலாவின் முறை. அப்போலோ ஆட்களை எங்கே இறக்குவது என்று இடம் பார்க்க லூனார் ஆர்பிட்டர் என்ற வரிசையில் ஐந்து கலங்கள். முதலாவது ஆகஸ்ட் 10-ல் கிளம்பியது. அதனுள்ளே கோடக் கம்பெனி செய்த ஒரு முழு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. உளவு பார்க்கிற செயற்கைக்கோள் கேமராவின் ஒன்றுவிட்ட தம்பி. நிலாவைச் சுற்றிக்கொண்டே ஃபிலிமில் படம் எடுக்கும், கலத்துக்குள்ளேயே ஃபிலிமைக் கழுவும், காயவைக்கும், அப்புறம் மெல்லிய ஒளிக்கீற்றால் கீற்றுக் கீற்றாக வருடி ரேடியோவில் அனுப்பும். நம்ம ஊர் ஸ்டுடியோவில் ‘வியாழக்கிழமை வாங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

ஆகஸ்ட் 23-ம் தேதி, வேலைத் திட்டத்தில் இல்லாத ஒரு படம் எடுக்க ஆசை வந்தது. நிலாவின் விளிம்பில் பூமி தெரிகிற மாதிரி கேமராவைத் திருப்பவேண்டும். கலத்தைக் கட்டிய போயிங் கம்பெனி தயங்கியது. திருப்பும்போது ஏதாவது ஆகிவிட்டால் யார் தலை உருளும்? நாசா சமாதானம் சொன்னது, திருப்பினார்கள், எடுத்தார்கள். நிலாவுக்குப் பக்கத்திலிருந்து எடுத்த முதல் பூமிப் படம். பத்திரிகைகளில் வந்தது கோடு கோடாக, ஜன்னல் பலகை வழியாகப் பார்ப்பதுபோல. ஆனால் பூமியில் பிடித்த டேப்புகளில் அதைவிடத் துல்லியமான படம் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

பத்திரம் என்ற வார்த்தையை இங்கே கொஞ்சம் தாராளமாகப் பயன்படுத்துகிறேன். நாசாவுக்குப் படம் எடுப்பதில் இருந்த ஆர்வம், எடுத்ததை வைத்துக்கொள்வதில் இருந்ததில்லை. 1969-ல் ஆம்ஸ்ட்ராங் இறங்கியதை நேரடியாகப் பதிவு செய்த மூல டேப்புகள் எங்கே என்று பின்னாளில் தேடினார்கள். வருஷக்கணக்கில் தேடிவிட்டு, 2009-ல் முடிவைச் சொன்னார்கள்: டேப் தட்டுப்பாடு வந்த காலத்தில், அநேகமாக அழித்துவிட்டு வேறு எதற்கோ மறுபடி பயன்படுத்தியிருக்கவேண்டும். கல்யாண கேசட்டின் மேல் கிரிக்கெட் மேட்ச் பதிவு செய்த மச்சினனை இனி யாரும் திட்டவேண்டாம். யானை வாங்கியவர்கள் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதை.

லூனார் ஆர்பிட்டர் டேப்புகளுக்கும் அந்தக் கதிதான் வரவிருந்தது. சுமார் 1,500 டேப்புகள், டன் கணக்கில் எடை. 1986-ல் இவற்றைக் கழித்துவிடலாமா என்ற கேள்வி பாசடீனா ஆய்வகத்தில் நான்சி எவன்ஸ் என்ற ஆவணக் காப்பாளரின் மேஜைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டிருந்தால் கதை முடிந்தது. அந்த அம்மாள் போடவில்லை. மனசாட்சி கேட்காது என்று சொல்லிவிட்டார்.

டேப் இருந்தால் போதுமா? ஓட்ட மெஷின் வேண்டாமா? ஆம்பெக்ஸ் எஃப்.ஆர். 900 என்ற ராட்சத மெஷின் ஒன்றில்தான் அவை ஓடும். அதுவோ ராணுவத்தாரே மறந்துபோன சரக்கு. எவன்ஸ் எங்கெங்கோ விசாரித்து, கழித்துப்போட்ட மெஷின்களைப் பிடித்துவிட்டார். வைக்க இடம்? அரசாங்கத்தில் இல்லை. வீட்டுக் கார் ஷெட்டில் இறக்கிவைத்தார். பழுதுபார்க்கப் பணம் கேட்டு எழுதினார், வரவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் நின்ற அந்த இரும்புகள் அங்கேயே இருபது வருஷம் தூசி குடித்தன. எவன்ஸ் ஓய்வு பெற்று, கால்நடை மருத்துவர் ஆகிவிட்டார். மாடு, நாயாவது வலித்தால் கத்தும், டேப் கத்தாது.

கடைசியில் டென்னிஸ் விங்கோ, கீத் கௌவிங் என்று இரண்டு விண்வெளிப் பைத்தியங்கள் அந்த அம்மாளைத் தேடி வந்தார்கள். மெஷினையும் டேப்பையும் வாடகை லாரியில் ஏற்றி, கலிபோர்னியாவின் வடக்கே நாசா ஏம்ஸ் ஆய்வகத்துக்கு ஓட்டிப் போனார்கள். அங்கே இடம் கொடுத்தார்கள். பூட்டிக் கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடை! பர்கர் தின்ற இடத்தில் நிலா அடுக்கப்பட்டது. கடைக்கு ‘மெக்மூன்ஸ்’ என்று பேர் வைத்து, ஜன்னலில் மண்டையோடு போட்ட கடல் கொள்ளையர் கொடியையும் மாட்டினார்கள். அரசாங்க வளாகத்துக்குள் இந்தக் கொடியைப் பார்த்தும் பார்க்காததுபோல் நடந்துபோன அதிகாரிகளை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆம்பெக்ஸ் ஆட்களைக் கூப்பிட்டு, ஒரு மெஷினின் உறுப்பை அறுத்து இன்னொன்றுக்கு வைத்து, ஒருவழியாக ஓட்டிவிட்டார்கள். 2008 நவம்பரில், முதலில் வெளியே எடுத்தது அந்த 1966 ஆகஸ்ட் 23 படம். நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, கோடில்லாத, துல்லியமான பூமி. நாசா இதற்கு முதலில் கொடுத்த தொகை லட்சம் டாலர் அளவில்தான். ராக்கெட் செலவோடு ஒப்பிட்டால் டீச்செலவு. பிறகு மற்ற டேப்புகளையும் படித்து முடித்தார்கள். அன்றைய நிலாவையும் இன்று சுற்றிவரும் கலம் எடுக்கும் நிலாவையும் பக்கத்தில் வைத்து, இடையில் எங்கே புதிதாகக் கல் விழுந்திருக்கிறது என்று பார்க்கலாம். புதிதாக எடுக்கிற எந்தப் படத்தாலும் 1966-க்குத் திரும்பிப் போக முடியாது என்பதைக் கணக்கு எழுதுகிறவர்கள் கவனிக்கவேண்டும்.

அந்தப் படங்கள் இன்று நாசாவின் கோள்தரவுக் காப்பகத்தில் இருக்கின்றன. எடுத்த செலவு, தொலைக்கப் பார்த்த செலவு, மீட்ட செலவு எல்லாம் அமெரிக்கக்காரன் தலையில். நமக்கு ஓசி. இறக்கிப் பாருங்கள்.