ஜன்னல் சாத்திய வார்டுகள்

1980களின் தொடக்கத்தில் நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கள் ஆஸ்பத்திரிகளில் இல்லாத சாமான்களின் பட்டியல் நீளமானது. கையுறை என்றால் ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டும்தான். அதையும் கழுவி, காயவைத்து, பவுடர் தடவி மறுபடியும் மாட்டிக்கொள்வோம். கண்ணாடி சிரிஞ்சும் ஊசியும் ஸ்டெரிலைசரில் கொதித்துக்கொண்டே இருக்கும். ஒரே தெர்மாமீட்டர் டெட்டால் தண்ணீரில் முங்கி முங்கி வார்டு முழுக்கச் சுற்றி வரும். காய்ச்சல் காலத்தில் ஒரு கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து இன்னொருவர்.

அன்று குறைவில்லாமல் இருந்தது காற்று மட்டும்தான்.

நான் பிறந்தது இடுக்கி மாவட்டம் தேவிகுளம் தாலுகாவில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். முதலில் வேலை பார்த்ததும் அந்த மலையில்தான். பிறகு பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவுக்கு வந்து அங்கேயே ஓய்வு பெற்றேன். இரண்டும் கேரள-தமிழ்நாடு எல்லைப் பகுதிகள். ஓ.பி. சீட்டில் மலையாளம் இருக்கும், வரிசையில் நிற்பவர்கள் பேசுவது தமிழாக இருக்கும். மலையில் வியாதி முற்றினால் தேனிக்கு ஓடுவார்கள், சித்தூரில் கோயம்புத்தூருக்கு.

மலையில் நான் பார்த்த பழைய கட்டடம் பிரிட்டிஷார் காலத்தது. உயரமான கூரை, எதிரும் புதிருமாக ஜன்னல்கள், கூரையை ஒட்டிச் சின்ன வென்டிலேட்டர்கள். மூணாறில் மார்கழி, தை மாதங்களில் சில ராத்திரிகளில் புல் மேல் உறைபனி படியும். "ஜன்னலைச் சாத்தும்மா, குளிர் எலும்பைக் குடையுது" என்று பாட்டிமார்கள் கெஞ்சுவார்கள். கீழ் ஜன்னலைச் சாத்தி, இன்னொரு கம்பளியும் கொடுப்போம். மேலே இருக்கும் வென்டிலேட்டரைச் சாத்தவே முடியாது, அது அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. வெதுவெதுப்பான மூச்சுக்காற்று மேலே போய் அந்த வழியே வெளியேறிவிடும்.

சித்தூர்ப் பக்கம் நேர்மாறு. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்து கிடக்கிறது. ஆடியில் மேற்கிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வரும். கார்த்திகை, மார்கழியில் கிழக்கிலிருந்து வரும். மலையாளிகள் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். பழைய வார்டுகளில் கிழக்கிலும் மேற்கிலும் ஜன்னல் இருந்ததால் வருஷத்தில் பாதி நாள் மின்விசிறியே தேவைப்படவில்லை.

இன்று அதே ஊர்களில் புதுக் கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. எவ்வளவோ நல்லது நடந்திருக்கிறது. ஒருமுறை போட்டால் எறிந்துவிடும் சிரிஞ்ச் வந்துவிட்டது. ஒவ்வொரு கட்டிலருகிலும் கை தேய்க்கும் மருந்து இருக்கிறது. 1998இல் வந்து 2016இல் புதிதாக மாற்றப்பட்ட விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கழிவைப் பிரிக்கிறார்கள். மாநிலத்தின் மருத்துவக் கழிவில் பெரும்பங்கைக் கையாளும் இந்திய மருத்துவச் சங்கத்தின் (ஐ.எம்.ஏ.) 'இமேஜ்' நிலையம் இருப்பதும் எங்கள் பாலக்காடு மாவட்டத்தில்தான். 2018இல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளைத் தடுக்கக் கேரள அரசு தனித் திட்டமே கொண்டுவந்தது. இதையெல்லாம் மனம் நிறைந்து பாராட்டுகிறேன். பழைய காலத்து ஊசியும் கையுறையும் திரும்பி வரவே வேண்டாம்.

ஆனால் புதுக் கட்டடங்களில் கூரை தாழ்ந்துவிட்டது. அதற்கும் கீழே ஃபால்ஸ் சீலிங். வென்டிலேட்டர் போன இடத்தில் கண்ணாடி. பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது ஏ.சி. வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள், கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திருப்பித் தருகிறது. ஒருவர் இருமியது அந்த அறையில் எல்லோருக்கும் பங்காகிறது. அப்படி மூடிய ஓர் அறையில் மாதக்கணக்கில் டியூட்டி பார்த்த என் தோழி ஒருத்திக்குக் காசநோய் வந்தது. ஆறு மாத மருந்தில் குணமானாள். அவள் கைகழுவுவதில் ஒருநாளும் குறை வைத்தவள் அல்ல. அவளை அந்த அறையின் காற்றிடமிருந்து காக்க வேண்டிய பொறுப்பு கட்டடத்துக்கு இருந்தது.

இது என் ஆதங்கம் மட்டும் அல்ல, அளந்து பார்த்த உண்மை. பெரு நாட்டின் லிமா நகரில் 8 ஆஸ்பத்திரிகளில் எஸ்கோம்ப் என்ற மருத்துவரின் குழு அளந்து 2007இல் வெளியிட்டது. ஜன்னலையும் கதவையும் திறந்தால் அறைக் காற்று மணிக்கு 28 முறை மாறியது. இயந்திரம் வைத்துக் காற்றை மாற்றும் அறைகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவு 12 முறைதான். 1950க்கு முன் கட்டிய, உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள அறைகளில் 40 முறை மாறியது. புதுமாதிரிக் கட்டடங்களில் 17. உலக சுகாதார நிறுவனம் 2009இல் பொது வார்டுக்கே ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் புதுக்காற்று வேண்டும் என்று வரையறுத்தது. காசநோய் போலக் காற்றில் பரவும் நோய் உள்ளவர்களைத் தனியே வைக்கும் அறைக்கு 160 லிட்டர்.

குளிர்ப் பிரதேசத்துக்கும் வழி இருக்கிறது. அறையின் மேல்பகுதியில் மட்டும் புறஊதா விளக்கு எரியவிட்டு, மின்விசிறியால் காற்றை மெல்லக் கலக்கும் முறையைத் தென்னாப்பிரிக்க ஆஸ்பத்திரி ஒன்றில் சோதித்தார்கள். வார்டின் காற்றைச் சுவாசிக்கவைத்த கினிப் பன்றிகளுக்குக் காசநோய் தொற்றுவது ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்தது. 2015இல் முடிவு வெளிவந்தது. மூணாறின் பனியில் நோயாளியை நடுங்கவிடாமல் காப்பாற்ற இது உதவும்.

தண்ணீர் போகும் வழியும் இப்படித்தான். கைகழுவும் தொட்டியின் அடிக்குழாய் வளைவில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் குடியேறுகின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 2017இல் காட்டியது இது: குழாய்க்குள் சத்துள்ள எதையாவது ஊற்றினால் அந்தக் கிருமிப்படலம் நாளுக்கு ஓர் அங்குலம் மேலேறுகிறது. சல்லடை வரை வந்தபின், குழாய்த் தண்ணீர் அதன்மேல் விழும்போது சுற்றிலும் தெறிக்கிறது. எங்கள் வார்டுகளில் நோயாளிக்குத் துணையிருக்கும் பைஸ்டாண்டர்கள் மிச்சக் கஞ்சியையும் டீயையும் கொட்டுவதும் சோற்றுத்தட்டைக் கழுவுவதும் அதே தொட்டியில்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தட்டுக் கழுவத் தனி இடம் கட்டாத கட்டடத்தில் அவர்கள் எங்கே போவார்கள்?

நெருக்கமான நடைவழி என்ன செய்யும் என்பதைக் கேரளம் 2018 மே மாதத்தில் கண்டது. கோழிக்கோட்டில் நிபா வைரஸ் பரவியபோது முதல் நோயாளியைத் தவிர ஏறக்குறைய எல்லோருக்கும் தொற்றியது ஆஸ்பத்திரிகளில்தான். ஸ்கேன் அறைக்கு வெளியே கூட்டம் அடைந்த நடைவழியில் நின்றவர்களும் அதில் உண்டு. பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி, முதல் நோயாளியைப் பராமரித்துத் தன் உயிரைக் கொடுத்தார். 2025 ஜூலையில் நிபா எங்கள் பாலக்காடு மாவட்டத்துக்கே வந்தது. காய்ச்சல்காரர்களுக்குத் தனி வாசல், காத்திருக்கத் திறந்த முற்றம், அகலமான நடைவழி ஆகியவை இனி ஆடம்பரம் அல்ல.

காற்றோட்டமாகக் கட்டுவது நம் மண்ணுக்குத் தெரியாத வித்தையும் அல்ல. 1945இல் தொழுநோய்க் காப்பகங்களை ஆஸ்பத்திரிகளாக மாற்றிக் கட்டும் பணிக்காக இந்தியா வந்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். 1960களில் மருத்துவரான மனைவி எலிசபெத்தோடு இன்றைய இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் குடியிருந்தார். அவர் மனைவி அந்த மலைமக்களுக்கு வைத்தியம் பார்த்தார். காற்று நுழையும் செங்கல் ஜாலிச் சுவர்களைக் குறைந்த செலவில் கட்டலாம் என்று கேரளம் முழுக்கக் காட்டியவர் பேக்கர். வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் ஆஸ்பத்திரிக் கட்டடங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியதோ 1859இல்.

ஆகவே எல்லைப் பகுதி மக்களுக்கு ஒரு வேண்டுகோள். கேரளத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் உங்கள் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பு. அடுத்த கட்டடத்துக்கு வரைபடம் வரும்போது மெம்பரிடமும் ஆஸ்பத்திரி மேனேஜ்மென்ட் கமிட்டியிலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும்? இருமுகிறவர் எங்கே உட்காருவார்? தட்டுக் கழுவும் தொட்டி எங்கே? உறவினருக்குத் துணை இருக்கப் போனால், ஜன்னல் இருந்தால் திறந்து வையுங்கள், கைகழுவும் தொட்டியில் டீயை ஊற்றாதீர்கள். வரைபடத்தில் ஒரு ஜன்னலைச் சேர்க்க ஒரு கோடு போதும். கட்டி முடித்த பிறகு அதற்குச் சுவரை இடிக்க வேண்டும். கேட்க வேண்டிய நேரம் அஸ்திவாரத்துக்கு முன்புதான்.